கல்லாவுக்கு மேலே மாட்டிய முகங்கள்

திண்டிவனம் கடைத்தெருவில் ஒரு கடை கைமாறிவிட்டதா என்பதை அதன் பெயர்ப்பலகையை வைத்து அறிய இயலாது. பழைய பலகையையே வைத்துக்கொண்டு புதிய மனிதர் வியாபாரம் செய்வார். பழைய மனிதரே பலகையை மட்டும் மாற்றிக்கொள்வதும் உண்டு. மெய்யான செய்தி கல்லாவுக்கு மேலே இருக்கிறது. கடையைத் தொடங்கிக் காலமாகிப் போனவரின் படம் அங்கே மாட்டப்பட்டிருக்கும். சந்தன மாலை, கண்ணாடியின் மேல் நெற்றிக்கு நேரே குங்குமப் பொட்டு, அடியில் சிவப்பு ஜீரோ வாட்ஸ் பல்பு. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் மகனோ பேரனோ அந்த பல்பைப் போட்டுக் கும்பிட்ட பிறகுதான் முதல் போணிக்கு உட்காருவான். அந்தப் படம் சுவரில் இருக்கும்வரை கடை அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. படம் இறங்கிவிட்டால் எல்லாம் இறங்கிவிட்டது.

அந்தப் படங்களில் பெரும்பாலானவற்றுக்குச் சட்டம் போட்டவன் நான்.

என் கடை தெருவின் நடுவே, ஒரு ஆள் இரு கைகளையும் விரித்தால் இரு சுவரையும் தொடக்கூடிய அகலத்தில் இருந்தது. முன்பக்கம் வேலை செய்யும் இடம். பின்பக்கம் கண்ணாடிப் பலகைகளை அடுக்கிவைக்கும் நீண்ட அறை. பள்ளிப்படிப்பு எனக்கு அதிகம் இல்லை. படங்களின் பின் அட்டையில் ஒட்டுவதற்காக எடைக்கு வாங்கிய பழைய செய்தித்தாள்களை ஒட்டுவதற்கு முன் படிப்பேன். நான் எழுதக் கற்றது அப்படித்தான். ஆதலால் இந்த எழுத்தில் செய்தித்தாள் வாடை அடித்தால் வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

சட்டங்களின் மாதிரியைக் காட்ட ஒரு படம் தேவைப்பட்டது. தெய்வத்தின் படத்தை மாதிரியாக வைத்து விலை பேசுவது தகாது. இறந்தவர் ஒருவரின் படத்தை வைப்பது அதனினும் தகாது. ஆகவே வெள்ளைச் சட்டையும் திருநீறுமாக நானே ஸ்டுடியோவில் அமர்ந்து எடுத்துக்கொண்ட படத்தை நல்ல தேக்குச் சட்டத்தில் போட்டு மாட்டிவைத்தேன். அப்போது எனக்கு முப்பது வயதுதான் இருக்கும். பக்கத்து டீக்கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, கையில் கிளாஸுடன் வாசலில் நின்று சிரித்தார்.

“யோவ், உசுரோட இருக்கும்போதே மாலைக்கு அளவு எடுத்துக்கினியா?”

“ஊருக்கெல்லாம் அளவு எடுக்கிறேன். எனக்கு எடுக்க யார் வரப் போகிறார்கள்?” என்றேன்.

“அதுவும் சரிதான். ஆனா மீசைய இன்னும் கொஞ்சம் தூக்கி வுட்ருக்கலாம். செத்தாலும் கெத்தா இருக்கணும் இல்ல?”

இப்படிப் பேசியவருக்கும் பின்னாளில் நானே சட்டம் போட்டேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதன்முதலில் என்னிடம் திரும்பி வந்த படம் ஒரு மல்லாட்டை மண்டிக்காரருடையது; நிலக்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். பெரிய மீசை, நேரே பார்க்கும் கண். மண்டி எடுபட்டு அந்த இடத்தில் ஒரு செல்போன் கடை வந்திருந்தது. அதை நடத்த வந்த இளைஞர் ஒருநாள் உச்சி வெயிலில், துண்டில் சுற்றிய ஒரு படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு என் கடை வாசலில் நின்றார்.

“ஐயா, இது உங்க கடையில போட்ட ஃபிரேம்தானே? பின்னாடி உங்க கட பேரு ஒட்டிக்கினு இருக்குது.”

“ஆமாம். கண்ணாடி உடைந்துவிட்டதா?”

“இல்லீங்க. நான் ரூமு எடுத்தப்போ இவரு செவுத்துல இருந்தாரு. அவங்க ஊட்டுக்குப் போன் போட்டேன். வந்து எடுத்துக்கிறோம், எடுத்துக்கிறோம்னு சொல்லிக்கினே இருக்காங்க, வரல. குப்பையில போடக் கை வரலீங்க. செவுத்துல வச்சிக்கினு இருக்கவும் முடியல.”

“ஏன் முடியவில்லை?”

அவர் படத்தை என் மேசையின் மேல் கவிழ்த்து வைத்தார். “பாக்குறாருங்க” என்றார்.

நான் அதை வாங்கிக்கொண்டேன். குப்பைக்குப் போகாது, நான் பொறுப்பு என்றும் சொன்னேன். யோசியாமல் சொன்ன சொல் அது. அந்தச் சொல் தெருவெங்கும் பரவிவிட்டது. அதன்பின் எந்தக் கடை கைமாறினாலும், புதிதாக வருகிறவர் வெள்ளையடிக்கும் நாளில் பழைய முதலாளியின் படத்தை என்னிடம் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். துணிக்கடைக்காரர் வந்தார், அரிசி மண்டிக்காரர் வந்தார், மருந்துக்கடைக்காரர் மூக்குக்கண்ணாடியோடு வந்தார். “வந்தார்” என்றுதான் நாங்கள் சொன்னோம். “படம் வந்தது” என்று ஒருவரும் சொல்லவில்லை.

அவர்களைப் பரணில் அடுக்கிவைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. பின் அறையின் இரு நீண்ட சுவர்களிலும் ஆணி அடித்து மாட்டினேன். மாட்டும்போது ஓர் ஒழுங்கு வேண்டுமே என்று, தெருவின் வடவரிசைக் கடைக்காரர்களை இடச் சுவரிலும் தென்வரிசைக் கடைக்காரர்களை வலச் சுவரிலும், அவரவர் கடை இருந்த வரிசைப்படியே வைத்தேன். எதிரெதிரே கடை நடத்தியவர்கள் எதிரெதிரே நோக்கினார்கள். நடுவில் நான் நடந்துபோக ஒற்றையடி இடம் இருந்தது. வெளியே தெரு மாற மாற, உள்ளே அந்தப் பழைய தெரு ஒவ்வொரு கடையாக நிரம்பி வந்தது. சில ஆண்டுகளில், கண்ணாடி எடுக்கப் பின் அறைக்குப் போவதென்பது, எல்லோரும் கடை திறந்து உட்கார்ந்திருக்கும் ஒரு தெருவில் நான் ஒருவன் மட்டும் நடந்து போவது போல ஆகிவிட்டது.

நான் பேய் பிசாசுகளை நம்புகிறவன் அல்லன். ஆயினும் கண்டதைச் சொல்லியாக வேண்டும். வெளியே சென்னைப் பக்கமிருந்து ஒரு பேருந்து வந்தால், பின் அறையில் முதல் படத்தின் கண்ணாடி கிலுகிலுக்கும், பிறகு இரண்டாவது, பிறகு அடுத்தது. பேருந்து தெருவில் எந்தக் கடையைக் கடக்கிறதோ அந்தக் கடைக்காரர் உள்ளே அதிர்வார். சுவரும் சாலையும் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால் வரும் அதிர்வு அது. அந்தக் காரணத்தை எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஐப்பசி மழையில் கண்ணாடிகளுக்கு உட்புறம் ஈரம் கோத்துக்கொண்டு, எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டதுபோல் முகங்கள் மங்கும். பூச்சி அரிப்பதையும் கவனித்தேன். அது கன்னத்தைத் தின்னும், வாயைத் தின்னும், சட்டைக் காலரைத் தின்னும். கண்ணின் கருமையை மட்டும் ஏனோ விட்டுவைக்கும். பகலில் மின்சாரம் நின்றுபோன வேளைகளில் நான் அந்த அறைக்குள் காலெடுத்து வைத்தால், பேசிக்கொண்டிருந்தவர்கள் என்னைக் கண்டு பேச்சை நிறுத்தியது போன்ற ஓர் அமைதி இருக்கும். பிறர் வீட்டுக் கூடத்தில் அழையாமல் நுழைந்துவிட்டவன் போல, எடுக்க வந்த கண்ணாடியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவேன்.

வரிசை கலையக் கூடாது என்பதற்காக, இன்னும் நடந்துகொண்டிருக்கும் கடைகளுக்கு உரிய இடங்களில் வெறும் ஆணி மட்டும் அடித்து வைத்திருந்தேன். அதில் உள்ள விபரீதம் எனக்குத் தோன்றவே இல்லை. டீக்கடைக்காரர் ஒருநாள் சில்லறை கேட்டுக்கொண்டு பின் அறை வரை வந்துவிட்டார். இடச் சுவரைப் பார்த்துக்கொண்டே நடந்தவர் இரண்டு படங்களுக்கு நடுவே நின்றார்.

“இங்க ஏன்யா வெறும் ஆணி?”

அவர் இப்பக்கப் படத்தைப் பார்த்தார். அப்பக்கப் படத்தைப் பார்த்தார். இருவரும் யார், எந்தக் கடைக்காரர்கள் என்பது அவருக்குத் தெரியும்.

“எனக்கா?”

“வரிசைக்காக…” என்றேன்.

அவர் உரக்கச் சிரித்தார். விரலால் அந்த ஆணியை அசைத்துப் பார்த்தார். “ஆடுது பாரு. நல்லா அடிச்சி வை. நான் கொஞ்சம் வெயிட்டு” என்றார். அடுத்த நாளிலிருந்து என் கடைக்கு டீ கொண்டுவருவதை நிறுத்திவிட்டார். கேட்டால், “வந்து குடிச்சிட்டுப் போயேன், கால் இல்லியா?” என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். சில ஆண்டுகள் கழித்து அவர் காலமானார். மகன்கள் சென்னையோடு போனார்கள். அந்த இடத்துக்குப் பேக்கரி வந்தது. பேக்கரிக்காரர் அவரைக் கொண்டுவந்து கொடுத்தபோது நான் முதலில் செய்த காரியம், அந்த ஆணியை எடுத்துவிட்டு அதைவிடப் பெரியதாக ஒன்றை அடித்தது.

வரிசையில் அவருக்கு அடுத்த இடம் என்னுடையது. அந்த இடத்தில் மட்டும் நான் ஆணி அடிக்கவில்லை. நல்லவேளையாக அங்கே ஒரு ஸ்விட்ச் போர்டு இருந்தது.

பிறகு சாலையை அகலப்படுத்தும் வேலை வந்தது. ஒருநாள் காலையில் நாங்கள் கடை திறக்க வந்தபோது எல்லாச் சுவர்களிலும் சிவப்புச் சாயத்தில் கோடும் அம்புக்குறியும் இருந்தன. கோட்டுக்குத் தெருப் பக்கமாக இருப்பதெல்லாம் போகும். என் கடையில் கோடு மேசையின் பின்னால், நான் உட்காரும் நாற்காலியைத் தாண்டி விழுந்தது. எங்கள் வரிசைக் கட்டடம் முழுவதும் செஞ்சிப் பக்கத்துச் சமணக் குடும்பம் ஒன்றுக்குச் சொந்தம். அந்தக் குடும்பத்துப் பெரியவர் நேரில் வந்தார். யாரையும் கடிந்து பேசி அறியாதவர்.

“பாதிய இடிச்சிட்டு பாதியில உக்காந்துக்கினு இருக்க முடியாதுங்க. மொத்தமா எடுத்துட்டு காம்ப்ளெக்ஸா கட்டிடலாம்னு பசங்க சொல்றாங்க. உங்களுக்கு ரூமு வேணும்னா முதல்ல உங்களுக்குத்தான்.”

புதிய இடத்தின் வாடகை எனக்குக் கட்டுப்படியாகாது என்பதை இருவரும் அறிவோம். மேலும் கண் மங்கிவிட்டது. கண்ணாடியை அறுக்கும்போது கை நடுங்குகிறது. என் மனைவி இறந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. விழுப்புரத்தில் மகன் வீடு கட்டியிருக்கிறான், நெடுநாளாக அழைத்துக்கொண்டிருந்தான். போய்விடுவது என்று முடிவு செய்தேன். எஞ்சியது ஒரே கேள்விதான். பின் அறையில் இருப்பவர்களை என்ன செய்வது?

மகனிடம் தொலைபேசியில் மெல்ல ஆரம்பித்தேன். அவன் முடிக்க விடவில்லை.

“அப்பா, நீங்க வாங்க. பொட்டி படுக்கையோட வாங்க. அந்த செத்தவங்கள மட்டும் கூட்டிக்கினு வராதீங்க. உங்க மருமவ முழுகாம இருக்கா.”

அவன் சொன்னதில் தவறில்லை. பிள்ளை பிறக்கப் போகும் வீட்டில், உறவே இல்லாத இத்தனை இறந்தவர்களை எந்தச் சுவரில் மாட்டுவது? ஆனால் குப்பைக்குப் போகாது என்று நான் சொல்லியிருக்கிறேன். தெய்வப் படம் பழுதானால் அரச மரத்தடியில் வைத்துவிட்டு வர நமக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. கடை போன கடைக்காரரின் படத்தை வைக்க ஒரு மரமும் இல்லை.

உரியவர்களிடமே சேர்த்துவிடலாம் என்று புறப்பட்டேன். மருந்துக்கடைக்காரரின் மகன் விழுப்புரத்தில் வசதியாக இருந்தார். படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

“எங்க ஊட்ல ஏற்கெனவே ஒண்ணு மாட்டிக்கினு இருக்கோம் ஐயா. ரெண்டு மாட்டுனா எங்கப்பா ரெண்டு தபா செத்தாப்ல ஆயிடும்.”

கோட்டக்குப்பத்தில் மட்டும் ஒருவர் பெற்றுக்கொண்டார். எங்கள் தெருவில் செருப்புக்கடை வைத்திருந்தவரின் மகன் அவர். வளைகுடாவில் பல ஆண்டுகள் வேலை செய்து திரும்பியவர். அந்தப் படத்துக்கு மாலையும் பொட்டும் ஒருநாளும் இருந்ததில்லை. கடையைப் பின்னால் வாங்கியவர்தான் தம் விருப்பத்தில் அதைச் சுவரில் வைத்திருந்தார். மகன் படத்தை மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடியை உள்ளங்கையால் துடைத்தார். “செவுத்துல மாட்டுறது எங்களுக்கு வழக்கமில்லீங்க. பீரோவுல வச்சிக்கிறேன். அத்தாவோட மொகம் எனக்கு மறந்துக்கினே வந்துச்சு” என்றார். வெறும் கையுடன் திரும்பிய அந்த ஒரு மாலைதான் எனக்கு நிம்மதியாக இருந்தது.

மற்றவர்களில் சிலருக்கு வாரிசு இல்லை. சிலருடைய வாரிசுகள் தொலைபேசியை எடுக்கவில்லை. எடுத்தவர்கள் “நீங்களே பாத்துக்கினு எதனா பண்ணிடுங்க” என்றார்கள். அந்த ‘எதனா’ என்பது என்ன என்று ஒருவரும் சொல்லவில்லை.

ஆற்றில் விடலாமா என்றும் எண்ணினேன். மல்லாட்டை மண்டிக்காரரை மட்டும் ஒரு பையில் எடுத்துக்கொண்டு திருவாமாத்தூர் போனேன். கோயிலில் சுவாமியைக் கும்பிட்டுவிட்டு ஆற்றில் இறங்கினால், தண்ணீர் இல்லை. எட்டிய தூரம் மணல்தான். சரி, மணலில் பள்ளம் பறித்து வைத்துவிடுவோம் என்று பறித்து, படத்தைக் கிடத்தினேன். அவர் பள்ளத்துக்குள்ளிருந்து என்னைப் பார்த்தார். கவிழ்த்து வைத்திருக்கலாம், அது எனக்குத் தோன்றவில்லை. இரு கையாலும் மணலை அள்ளிப் போட்டேன். நெற்றி மறைந்தது, மீசை மறைந்தது. கண்ணாடி வழவழப்பானதால் மணல் சரிந்து சரிந்து, கண்கள் இருந்த இடம் மட்டும் மூடவே இல்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் சற்றுத் தொலைவில் நின்று, “யாரத் தாத்தா பொதைக்கிறீங்க?” என்று கேட்டார். நான் மண்டிக்காரரை எடுத்துத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டேன். திரும்பி வரும் பேருந்தில் பையின் வாயைக் கட்டாமல் திறந்தே வைத்திருந்தேன்.

கடைசியில் கட்டட உரிமையாளரிடம் போய், கட்டடம் முடியும்வரை அவருடைய சாமான் கொட்டகையில் சில மூட்டைகள் இருக்கட்டும் என்று அனுமதி கேட்டேன். என்ன மூட்டை என்று அவர் கேட்கவில்லை. படங்களை ஒவ்வொன்றாக இறக்கி, இடையிடையே பழைய துணி வைத்து, கோணிகளில் கட்டினேன். இறக்க இறக்கச் சுவரில் வெளிறிய கட்டங்கள் தெரிந்தன. எல்லாவற்றையும் கட்டிய பிறகு கடையில் எஞ்சியது மாதிரிப் படம்தான். மகன் வீட்டுக்கு அதைக் கொண்டுபோவதற்கும் ஒரு தடை தோன்றியது. அங்கே என் மனைவியின் படம் மாலையோடு இருக்கிறது. அதன் அருகே அதே அளவில், அதே தேக்குச் சட்டத்தில் உயிரோடிருக்கும் நான்! ஒரு மூட்டையின் வாயில் என் படத்தையும் செருகிக் கட்டிவிட்டேன். துணைக்கு இருக்கட்டும் என்றும் ஓர் எண்ணம்.

விழுப்புரம் வந்து சேர்ந்தேன். பேத்தி பிறந்தாள். ஆயினும் மூட்டைகள் என் நினைவை விட்டு அகலவில்லை. மழை பெய்தால் கொட்டகை ஒழுகுமோ என்று எழுந்து உட்காருவேன். அவர்களுக்கு ஓர் இடம் தேடி, தெரிந்த கோயில் மடங்களையெல்லாம் கேட்டாயிற்று, எல்லோரும் கைவிரித்தார்கள். இந்த நிலையில் உரிமையாளர் வீட்டிலிருந்து தொலைபேசி வந்தது. காம்ப்ளெக்ஸ் முடிந்து எல்லா அறைகளுக்கும் ஆள் வந்துவிட்டார்கள், கொட்டகையைப் பிரிக்கப் போகிறார்கள், மூட்டைகளை எடுத்துக்கொள்ளவும். எங்கே எடுத்துப் போவது என்று தெரியாமலேயே பேருந்து ஏறினேன்.

திண்டிவனத்தில் இறங்கி என் தெருவுக்குள் நுழைந்தபோது, அது என் தெருதானா என்று ஐயுற்றேன். முகப்புகளை அறுத்துவிட்டபடியால் வானம் அகலமாகத் தெரிந்தது. கடைகளெல்லாம் பின்வாங்கி நின்றன. நான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் இடத்தில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. காம்ப்ளெக்ஸின் பின்புறம் கொட்டகையருகே காவல்காரர் ஒருவர் இருந்தார். ஓமந்தூர்ப் பக்கத்து ஆள். மூட்டைகளைப் பற்றிக் கேட்டேன்.

“கோணி மூட்டையா? அது காலியாயி எத்தினி நாளாச்சு!”

“குப்பையில் போட்டுவிட்டீர்களா?”

“ஐயையோ, பெரியவங்கள எவனாவது குப்பையில போடுவானா?” அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “மழையில கொட்டா ஒழுகுச்சு. பிரிச்சுப் பாத்தா எல்லாம் படம். ஓனரு ஊட்டுப் பெரியவங்கபோல, மூணு தலைமுறையா சேத்து வச்சிக்கினு இருக்காங்கபோலன்னு நெனச்சேன். அப்பத்தான் பூச்சு வேல முடிஞ்சிருந்துச்சு. ரூமுக்கு ஒண்ணு ரெண்டுன்னு ஆணி அடிச்சி மாட்டி வுட்டுட்டேன். ஓனரு வந்தா எடுத்துக்குவாருன்னு பாத்தேன். அதுக்குள்ள வாடகைக்கு ஆளுங்க வந்துட்டாங்க.”

“வந்தவர்கள் என்ன செய்தார்கள்?”

“என்னா பண்ணுவாங்க? செவுத்துல இருக்கிற பெரியவர எறக்குனா வெளங்குமா? மால வாங்கிப் போட்டுட்டாங்க.”

நான் முன்பக்கம் வந்து, தெருவின் ஒரு கோடியிலிருந்து நடந்தேன். கண்ணாடிக் கதவுகளும் வெள்ளை விளக்குகளுமாக வரிசை மின்னியது. முதல் அறை கேக் கடை. கல்லாவுக்கு மேலே அரிசி மண்டிக்காரர் இருந்தார், புதிய சந்தன மாலையோடு. அடுத்தது பல் வைத்தியம் பார்க்கும் இடம், அங்கே துணிக்கடைக்காரர். காத்திருந்த நோயாளி ஒருவர் அவரைக் காட்டி, “டாக்டரோட அப்பாவா?” என்று பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தார். டீக்கடைக்காரர் குளிரூட்டிய நகை அடகுக் கடையில், வாழ்நாளில் அனுபவிக்காத குளிரில் இருந்தார். அழகு நிலையத்தில், பெரிய நிலைக்கண்ணாடிக்கு எதிரே மல்லாட்டை மண்டிக்காரரை மாட்டியிருந்தார்கள். வாசலில் நின்று பார்த்தால் அவர் சுவரிலும் இருந்தார், கண்ணாடிக்குள்ளும் இருந்தார். ஒருவர்கூடத் தம் இடத்தில் இல்லை. பழைய தெரு முழுவதும் திரும்பி வந்திருந்தது. வந்தவர்கள் வீடு மாறி நுழைந்து விட்டவர்கள்போல் அடுத்தவர் கல்லாவுக்கு மேல் அமர்ந்திருந்தார்கள்.

கேக் கடை இளைஞரிடம், “இவர் யார் தம்பி?” என்று கேட்டுப் பார்த்தேன்.

“இந்த எடத்துல மொதமொதல்ல கட போட்டவருங்க. ஒரே ஆளா, தள்ளுவண்டியிலருந்து ஆரம்பிச்சாராம். கோவக்காரராம், ஆனா தங்கமான மனசாம்.”

அரிசி மண்டிக்காரர் தள்ளுவண்டியைத் தொட்டதில்லை. அவர் கோபித்து நான் கண்டதுமில்லை. இந்த வரலாற்றை யார் சொன்னார்கள் என்று கேட்டேன். “எல்லாரும் சொல்றாங்க” என்றார். படம் இருந்தபடியால் அதற்கு ஒரு வாழ்க்கையும் முளைத்துவிட்டிருந்தது. நான் அறிந்த மனிதர் அந்தப் புதிய வாழ்க்கைக்குப் பின்னால், பூச்சி விட்டுவைத்த கண்களால் என்னைப் பார்த்தார். சொல்லிவிடாதே என்று பார்த்தாரா, சொல் என்று பார்த்தாரா என்பதை என்னால் நிச்சயிக்க முடியவில்லை.

பிறகு என் இடத்துக்கு வந்தேன். என் இடம் என்பதை எதிர்ப்புற மின்கம்பத்தை வைத்துத்தான் கண்டுகொண்டேன். போன் உறையும் இயர்போனும் விற்கும் சிறிய கடை. முப்பது வயதுப் பெண் ஒருவர் கல்லாவில் இருந்தார். அவருடைய தலைக்கு மேலே, வெள்ளைச் சட்டையும் திருநீறுமாக நான் இருந்தேன்.

அத்தனை பேரும் இடம் மாறிப் போயிருக்க, நான் ஒருவன் மட்டும் என் இடத்தில் சரியாக இருந்தேன். மாலை போட்டிருந்தது. நெற்றிக்கு நேரே கண்ணாடியின் மேல் பொட்டு. சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது.

“இன்னா வேணும் பெரியவரே?” என்றார் அந்தப் பெண்.

“சும்மா பார்த்தேன் அம்மா. இந்தப் படம்…”

“முன்ன இங்க கட வச்சிருந்தவராம். சின்ன வயசுலயே போயிட்டாரு பாவம், பாருங்க, முப்பது முப்பத்தஞ்சுதான் இருக்கும்.” அவர் நிமிர்ந்து படத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் எந்த மாறுதலும் இல்லை. “எனக்கு மயிலம் பக்கம். ஊட்டுக்காரரு வுட்டுட்டுப் போயிட்டாரு. நகைய வச்சித்தான் இந்தக் கடைய எடுத்தேன். மொதல்ல போணியே ஆவல. அப்பறம் இவருக்கு ஒரு மாலைய வாங்கிப் போட்டு பல்பு போட்டேன். அன்னியிலருந்து பரவால்லீங்க. காலைல வந்ததும் இவராண்டதான் எல்லாத்தையும் சொல்லுவேன்.”

அது நான்தான் என்று சொல்ல வாய் திறந்தேன். சொன்னால் என்ன நடக்கும் என்பது அந்தக் கணத்திலேயே முழுமையாகத் தெரிந்தது. உயிரோடிருப்பவன் படத்துக்கு மாலை போட்டுவிட்டோமே என்று அவர் பதறி இறக்குவார். பக்கத்துக் கடையில் சொல்வார். அங்கே இருப்பவர் யார் என்று அவர்கள் கேட்பார்கள். காவல்காரர் உளறுவார். மாலைக்குள் வரிசை முழுவதும் இறங்கிவிடும். இறங்கினால் அவர்களை எங்கே வைப்பேன்? ஆற்று மணலிலா? மருந்துக்கடைக்காரரும் டீக்கடைக்காரரும் மீண்டும் கோணிக்குள்ளா? அவர்களுக்கு இடம் தேடித்தான் நான் பேருந்து ஏறினேன். இடம் கிடைத்துவிட்டது. தவறான இடம்தான், ஆனால் ஒவ்வொருவருக்கும் ஒரு சுவர், ஒரு மாலை, காலையில் ஒரு கும்பிடு இருக்கிறது. அது நிலைக்க வேண்டுமானால், அவர்களோடு நானும் இறந்தவனாகவே இருக்க வேண்டும்.

“அவரு உங்களுக்குத் தெரிஞ்சவரா?” என்றார்.

“தெரியும்” என்றேன். “நல்ல பழக்கம்.”

“எப்படிப்பட்டவருங்க?”

இந்தக் கேள்வியை எவரும் என்னிடம் கேட்டதில்லை. “சொன்ன சொல்லைக் காப்பாற்றப் பார்த்தவர்” என்றேன்.

“பாத்தாலே தெரியுதுங்க.” அவர் எழுந்து, சிறிய கிண்ணத்திலிருந்து குங்குமம் எடுத்து நீட்டினார். “தெரிஞ்சவரா இருந்தா கும்புட்டுட்டுப் போங்க. இவ்ளோ தூரம் வந்துட்டு…”

நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். கைகளைக் கூப்பினேன். அந்த முப்பது வயதுக்காரன் நேரே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே சென்னைப் பக்கமிருந்து ஒரு பேருந்து வரும் ஓசை கேட்டது. அவன் கண்ணாடி மெல்லக் கிலுகிலுத்தது. பேருந்து கடந்ததும் கிலுகிலுப்பு நின்றது. அந்தப் பெண் குங்குமத்தைத் தொட்டு, தாமே என் நெற்றியில் வைத்தார்.

“தினமும் பல்பை மறக்காமல் போடுங்கள் அம்மா.”

“மறக்கிறதே இல்லீங்க.”

விழுப்புரம் பேருந்தில் சன்னலோர இடம் கிடைத்தது. மகன் கூப்பிட்டு, “மூட்டையெல்லாம் என்னப்பா ஆச்சு?” என்று கேட்டான். இடம் கிடைத்துவிட்டது என்றேன். “நல்லதாப் போச்சு. ஜல்தி வாங்க, கொழந்த தேடுது” என்று வைத்துவிட்டான். வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. உள்ளே விளக்கைப் போட்டார்கள். சன்னல் கண்ணாடியில் ஒரு முகம் தெரிந்தது. அதன் நெற்றியில் பொட்டு இருந்தது. பேருந்து மேடு பள்ளத்தில் ஏறி இறங்கியபோது கண்ணாடி கிலுகிலுத்தது. நான் துண்டை எடுத்து நெற்றியைத் துடைக்கப் போனேன். பிறகு, வீடு போகும்வரை இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.